அஃப்ளிக்‌ஷன்காரர் பெண்டாட்டி

அஃப்ளிக்‌ஷன்காரர் காலையில் கண் விழித்ததும் முதலில் ஒரு முனகல் விடுவார். வலியில் வருகிற முனகல் அல்ல அது. நான் எழுந்துவிட்டேன், வெந்நீர்ப் பை எங்கே என்பதுதான் அதன் பொருள். அதற்குள் அவர் மனைவி எழுந்து, குளித்து, இரண்டு வேளைக்கும் சமைத்து மூடிவைத்துவிட்டுக் கதவருகில் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பாள். முனகல் கேட்டதும் செருப்பைக் கழற்றுவாள். அடுப்பைப் பற்றவைத்து, வெந்நீர் போட்டு, பையில் ஊற்றி, துண்டில் சுற்றிக் கொண்டுபோய் அவர் இடுப்புக்கு அடியில் வைப்பாள்.

"இன்னைக்கு எப்படிங்க இருக்கு?"

"எப்படி இருக்கும்? அஃப்ளிக்‌ஷன்னா சும்மாவா?"

அந்தப் பதிலைக் கேட்காமல் அவள் வாசற்படி தாண்டியதில்லை. பிறகு பேருந்தைப் பிடிக்க ஓட்டம்.

அவருக்கு உண்மையில் என்னதான் என்று கேட்பீர்கள். கொஞ்சம் வாயு. நாள் முழுக்க சோபாவில் சரிந்து கிடப்பதால் வருகிற இடுப்புப் பிடிப்பு. இவை இரண்டுக்கும் தாய் தகப்பனாக சோம்பல். இந்த மூன்றும் ஊரில் பாதிப் பேருக்கு உண்டு, அவர்களெல்லாம் ஓமத்தண்ணீரையோ தைலத்தையோ வைத்துக்கொண்டு பிழைப்பைப் பார்க்கிறார்கள். ஆனால் அவர்களிடம் அந்த ஆங்கில வார்த்தை இல்லை. இவரிடம் இருந்தது.

அது அவரிடம் வந்து சேர்ந்த விதம் இதுதான். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் அவர் தட்டச்சுக்காரராக இருந்தார். தனக்குக் காய்ச்சல் என்று விடுப்பு கேட்டபோதெல்லாம் மேலே இருந்து அத்தாட்சி கேட்டார்கள், சம்பளத்தில் பிடித்தார்கள், ஒருமுறை "காய்ச்சலுக்கு எதுக்கய்யா லீவு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்கள். அப்புறம் ஒருநாள் மேலாளருக்குக் கால் கட்டைவிரல் வீங்கியது. அவருடைய விடுப்பு விண்ணப்பத்தை இவரே தட்டச்சு செய்தார். அதில் காலும் இல்லை, விரலும் இல்லை, வீக்கமும் இல்லை. ஓர் அஃப்ளிக்‌ஷனின் காரணமாக, என்று மட்டும் இருந்தது. ஒரு மாதம் விடுப்பு, முழுச் சம்பளம், போதாததற்குத் தலைமை அலுவலகத்திலிருந்து பழக்கூடை. நம்மாள் வாயைப் பிளந்தார். அன்று மதியமே அலமாரியில் இருந்த அகராதியைத் தூசி தட்டி எடுத்தார். துன்பம், துயரம், பிணி, பீடை, வேதனை, இடுக்கண் என்று அடுக்கிக்கொண்டே போயிருந்தது. ஒரே வார்த்தைக்குள் இத்தனை சாமானா! வீட்டுக்கு வரும் வழியிலேயே அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஐம்பது வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சோபாவில் சாய்ந்தவர்தான். அதன்பிறகு அந்த வார்த்தையை வைத்தே குடித்தனம் நடந்தது. அதை எப்படி உபயோகிக்க வேண்டும் என்று ஊருக்கே பாடம் எடுத்தார். கீழ்வீட்டு ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருநாள் படிக்கட்டில் பார்த்து, தெரிந்த ஆங்கிலத்தில் 'அஃப்ளிக்டட் ஃப்ரம்' என்று சொல்லி நலம் விசாரிக்கப் போக, "ஃப்ரம் இல்ல சார், வித். அஃப்ளிக்டட் வித்னுதான் சொல்லணும்" என்று திருத்தி அனுப்பினார். நலம் விசாரிக்க வந்தவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

"நோய் வேற, இது வேற. நோய்னா மருந்து சாப்பிட்டா போயிடும். அஃப்ளிக்‌ஷன் அப்படி இல்ல. அது வெளியிலேருந்து வந்து ஆளைத் தேர்ந்தெடுத்து அடிக்கும். நாம ஒண்ணும் பண்ண முடியாது, தாங்கிக்கணும், அவ்வளவுதான்" என்று வருகிறவர்களிடம் விளக்குவார்.

யார் தாங்கிக்கொள்வது என்பதைச் சொல்லமாட்டார். அதைச் சொல்லவேண்டிய தேவையும் இல்லை, அவள்தான் அந்த நேரத்தில் வந்தவர்களுக்குக் காபி கொண்டுவந்து வைப்பாள்.

அவருடைய அக்கா மாதம் ஒருமுறை ஆரஞ்சுப் பழப் பையோடு வருவாள். உள்ளே நுழையும்போதே, "தம்பி, ஏன்டா இப்படி உருக்குலைஞ்சு போயிட்டே?" என்று தொடங்குவாள். தம்பியின் உருவத்தில் குலைந்தது எதுவும் இல்லை, சட்டைப் பொத்தான்தான் வருடா வருடம் இடம் மாறிக்கொண்டிருந்தது. வெளியூரில் இருக்கும் மகன் தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்வி, "அம்மா, அப்பாவோட அஃப்ளிக்‌ஷன் இப்ப எப்படி இருக்கு?" இரண்டாவது கேள்வி கேட்பதற்குள் அவனுக்கு வேறு அழைப்பு வந்துவிடும்.

சரி, இதில் இவள் மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. தொடக்கத்தில் அந்த வார்த்தையில் அவளுக்கும் ஒரு பெருமை இருந்தது. அவள் வேலை பார்க்கும் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மற்ற பெண்கள், புருஷனுக்குச் சர்க்கரை, புருஷனுக்கு மூட்டுவலி, புருஷனுக்குக் குடி என்று சொல்லி அழுதபோது, இவள் துணியை உதறியபடியே, "எங்க வீட்டுக்காரருக்கு அஃப்ளிக்‌ஷன்" என்பாள். ஏதோ அரசாங்கம் கொடுத்த பதக்கத்தைப் பற்றிச் சொல்வதைப்போல.

"அது என்னக்கா, தொத்துமா?" என்று உலர்த்தும் இயந்திரத்தில் நிற்கிறவள் கேட்டாள்.

"தொத்தாது. படிச்சவங்களுக்கு வர்றது."

"அப்ப நமக்கு பயமில்ல" என்று அவள் சிரித்தாள். கூடத்தில் இவளுக்கு 'அஃப்ளிக்‌ஷன்காரர் பெண்டாட்டி' என்று பட்டம் வைத்ததும் அவள்தான். இவளும் அதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டாள். சொந்த செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சலவைக்கூடத்தில் அவளுக்கு ரோலர் வேலை. மருத்துவமனையின் படுக்கை விரிப்புகளெல்லாம் துவைத்துப் பிழிந்து ஈரக் குவியலாக வந்து விழும். சூடான இரண்டு பெரிய உருளைகள் சுழன்றுகொண்டிருக்கும். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, விளிம்பு கோணாமல், சுருக்கம் விழாமல் உருளைகளின் வாயில் கொடுக்க வேண்டும். மறுபக்கம் அது காய்ந்து மடிப்பில்லாமல் வரும். வேலையின் சூட்சுமம் மூலையைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. முறுக்கிக்கொண்டு கிடக்கும் அந்தக் குவியலைக் கண்ணால் பார்த்தால் ஒன்றும் புலப்படாது. விரல்தான் பார்க்க வேண்டும். அவள் குவியலுக்குள் கையை விட்டால் தையல் விளிம்பு விரல்நுனியில் தட்டும், அதைப் பிடித்துக்கொண்டே போனால் மூலை. மற்றவர்கள் ஒரு விரிப்பைப் பிரிக்கும் நேரத்தில் அவள் இரண்டைக் கொடுத்திருப்பாள். உருளைக்கு அருகில் அவள் நின்றால் எதிர்மூலைக்காரிக்கு அன்று வேலை சுலபம்.

அந்த விரல்களில்தான் வந்தது வினை. முதலில் வலது கையில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. கையை உதறினால் போகும். பிறகு தூக்கத்தில் எழுப்பிவிடும் அளவுக்குக் குத்தல். பிறகு கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போகத் தொடங்கின. கையிலிருந்த தம்ளர் தானாக விழுந்தது. அடுப்பில் விரல்நுனி சுட்டுக் கொப்பளித்திருந்ததைப் பாத்திரம் கழுவும்போதுதான் பார்த்தாள்.

வீட்டில் சொன்னாள். அவர் சோபாவில் இருந்தபடியே கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"உனக்கு இருக்கிறது பெயின். வெறும் பெயின். வேலை செய்யற எல்லாருக்கும் வரும். பெயினுக்கும் அஃப்ளிக்‌ஷனுக்கும் வித்தியாசம் இருக்கும்மா."

"வலியில்லைங்க, மரத்துப் போகுது. தொட்டா தெரியல."

"வலியே இல்லைங்கறே, அப்புறம் என்ன? குடுத்து வச்சவ."

இதைச் சொல்லிவிட்டு இடுப்பை ஒருபக்கமாகத் திருப்பினார். வெந்நீர்ப் பை ஆறிவிட்டது என்று அர்த்தம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அந்த வீட்டில் அழுகிற வேலையை அவரே மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தார்.

கூடத்து மேற்பார்வை அக்காதான் முதலில் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்கையில் மேடாக இருக்கவேண்டிய சதை தட்டையாக இறங்கியிருந்தது.

"ஐயோ, இது என்ன இப்படி வத்திப்போச்சு? என் சித்தி பொண்ணுக்கும் இப்படித்தான் ஆச்சு. நரம்பு அழுந்துதாம். சீக்கிரம் பாத்தா ஒரு சின்ன ஆபரேஷன், சரியாயிடும். அவ தள்ளிப் போட்டா. இப்ப அவளால சட்டைப் பொத்தான் போட முடியல. விளையாடாதே. விரல்ல உணர்ச்சி போச்சுன்னா உன்னை ரோலர்ல நிக்கவிட மாட்டேன், சொல்லிட்டேன். அப்புறம் கையும் உள்ள போயிடும்."

ரோலர் இல்லையென்றால் அவளுக்கு அந்தக் கூடத்தில் என்ன மரியாதை? அந்த மூன்று விரல்களும் பிழைக்க வேண்டும், அதுவும் தாமதமில்லாமல். அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

கை நரம்பு பார்க்கும் டாக்டர் அதே மருத்துவமனையில், இவர்கள் தலைக்கு மேலே நான்காவது மாடியில் இருந்தார். ஊழியர்களுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். ஊழியர் அட்டையைக் காட்டி முறை வாங்கினால் ஊழியரோ வீட்டு ஆளோ யாராவது ஒருவர் காட்டிக்கொள்ளலாம். இவ்வளவு வசதி இருந்தும் சலவைக்கூடத்திலிருந்து யாரும் தனியாக மேலே போகமாட்டார்கள். மேலே போனால் இங்கிலீஷில்தான் சொல்ல வேண்டும், அதுவும் நோயின் பெயரைச் சரியாகச் சொன்னால்தான் டாக்டர் காது கொடுப்பார் என்று அடித்தளத்தில் இருந்த அந்தச் சலவைக்கூடத்தில் ஒரு வேதம் இருந்தது. யாரோ வண்டி தள்ளுகிறவன் வயிற்றுவலிக்குப் போய்க் கண்ணுக்குச் சொட்டு மருந்தோடு வந்ததாக ஒரு கதை சொல்வார்கள். அவனை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் எல்லாரும் படித்த பிள்ளையையோ மருமகனையோ கூட்டிக்கொண்டுதான் மேலே போனார்கள். அந்த டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளைத் தினமும் கையால் தேய்த்து மடிக்கிறவர்கள் இவர்கள். கோட்டுக்கு உள்ளே இருப்பதும் மனிதப் பிறவிதான் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

இவளுக்கு என்ன குறை, வீட்டிலேயே இங்கிலீஷ் இருக்கிறதே. கணவரிடம் கெஞ்சினாள். அவர் முதலில் முனகினார், பிறகு யோசித்தார், பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்தே அவள் சுதாரித்திருக்க வேண்டும்.

"ஸ்பெஷலிஸ்டா?"

"ஆமாங்க. பெரிய டாக்டராம்."

"அப்ப வர்றேன்."

முறை கிடைக்க வாரக்கணக்கில் ஆனது. அந்த வாரங்களில் அவள் அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். எறும்பு ஊர்ற மாதிரி இருக்குன்னு சொல்லுங்க, மூணு விரல்னு சொல்லுங்க, சதை வத்திப்போச்சுன்னு சொல்ல மறந்துடாதீங்க. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அன்றைக்குக் காலையில் முனகாமல் எழுந்தார். சவரம் செய்துகொண்டு, பழைய அலுவலகச் சட்டையை அவளிடமே தேய்க்கக் கொடுத்துப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி கிளம்பினார்.

டாக்டரின் அறையில் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, சுவரோரம் ஒரு நாற்காலி. இவள் கதவைச் சாத்திவிட்டுத் திரும்புவதற்குள் அவர் மேசை நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. சரி, பேசப்போகிறவர் அவர்தானே என்று இவள் சுவரோரம் உட்கார்ந்தாள். டாக்டர் ஒரு பெண், கண்ணாடி போட்டவர், அன்பான முகம். இவர் வணக்கத்தையே இங்கிலீஷில் போட்டதால் டாக்டரும் இங்கிலீஷிலேயே என்ன பிரச்சினை என்று கேட்டார்.

"டாக்டர், ஐ ஆம் அஃப்ளிக்டட்" என்றார் அவர்.

"வித் வாட்?" என்றார் டாக்டர்.

இத்தனை வருடங்களில் அவரை யாரும் அதைக் கேட்டதில்லை. வித் என்று சொல்லவேண்டும் என்பதுவரை ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு, வித்துக்குப் பிறகு என்ன வரும் என்று யோசிக்க நேரம் கிடைத்திருக்கவில்லை. கொஞ்சம் தடுமாறினார். பிறகு இடுப்பைக் காட்டினார். அதன்பிறகு மடை திறந்துகொண்டது. இடுப்பு, முதுகு, வயிறு, தூக்கம், ஓய்வு பெற்றது, மேலாளர், உலகம் போகிற போக்கு எல்லாம் இங்கிலீஷில் ஓடியது.

சுவரோரம் இருந்தவளுக்கு அதில் ஒரே ஒரு வார்த்தைதான் புரிந்தது. அது அடிக்கடி வந்தது. தன் கைக்கும் அந்தப் பெரிய வார்த்தையைத்தான் கொடுக்கிறார்போல என்று நினைத்தாள். பாவம், நம்மைப்பற்றி எவ்வளவு விவரமாகச் சொல்கிறார்! டாக்டர் எழுந்து அவருடைய முட்டியைத் தட்டியபோது, துணைக்கு வந்தவர்களையும் பரிசோதிப்பார்கள்போல என்று நினைத்தாள். அவரைக் குனியச் சொன்னபோது லேசாகச் சந்தேகம் வந்தது. டாக்டர் எழுதிக் கொடுக்க, தாதி கதவைத் திறந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டபோதுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது. வலது கையை நீட்டிக்கொண்டே எழுந்தாள். அதற்குள் அவர் அவள் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டார்.

"என் கை?"

"அடுத்த தடவை பாத்துக்கலாம். எவ்வளவு நேரம் எனக்கு ஒதுக்குனாங்க பாத்தியா? கேஸ் அவ்வளவு சீரியஸ். அஃப்ளிக்‌ஷன்னு டாக்டரே ஒத்துக்கிட்டாங்க."

அவள் என்ன செய்தாள் என்கிறீர்கள்? ஒன்றும் செய்யவில்லை. அந்த நடைபாதையிலேயே அவரை நாலு கேள்வி கேட்டிருக்கலாம். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். எனக்கு அவள்மேல் வருகிற கோபம் அவர்மேல் வருகிற கோபத்துக்கு இளைத்ததல்ல. கூட்டத்தில் மானம் போகுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். அடுத்த முறை கிடைக்க மாதங்கள் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் வைத்தாள். அன்றுதான் முதல்முறையாக அந்த வெந்நீரை அவர் தலையில் ஊற்றினால் என்ன என்று தோன்றியது. தோன்றியதோடு சரி.

மாதங்கள் போயின. குவியலுக்குள் கையை விட்டால் இப்போது விளிம்பு தட்டவில்லை. இடது கையால் சமாளித்தாள், கண்ணால் தேடினாள், பின்தங்கினாள். ஒருநாள் விரிப்பின் மூலையை உருளைக்குக் கொடுத்துவிட்டுக் கையை எடுத்துவிட்டதாகத்தான் நினைத்தாள். விரல்கள் விடவில்லை. துணியோடு சேர்ந்து கை போய்க்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியவில்லை. உலர்த்துகிறவள் வீல் என்று கத்திக்கொண்டு ஓடிவந்து சிவப்புக் கம்பியை இழுத்தாள். உருளை நின்றது. கைக்கும் உருளைக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி அகலம்தான் மிச்சம் இருந்தது.

மேற்பார்வை அக்கா திட்டவில்லை. டாக்டர்களின் கோட்டுகள் ஏற்றிய வண்டியைக் காட்டி, "இதைத் தள்ளிக்கிட்டு மேல போ. போய் அந்த டாக்டரம்மாவைப் பாரு. பாக்காம கீழ இறங்கினே, இந்தக் கூடத்துல உனக்கு இடமில்லை" என்றாள்.

நான்காவது மாடி அறையில் டாக்டர் தனியாக உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இவள் தேய்த்த கோட்டுகளை ஆணியில் மாட்டினாள். பிறகு போகாமல் நின்றாள். இங்கிலீஷில் எப்படி ஆரம்பிப்பது? அவளிடம் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. கையை நீட்டி, அதையே சொன்னாள்.

"அஃப்ளிக்‌ஷன்."

டாக்டர் ரொட்டியைக் கீழே வைத்தார். கையைப் பிடித்துத் திருப்பினார். தட்டையான சதையைப் பார்த்ததும் முகம் மாறியது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார். நல்ல தமிழில் கேட்டார்.

அவள் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க தமிழா டாக்டர்?"

"ஆமா. ஏன்? உக்காருங்க முதல்ல."

அவள் உட்கார்ந்தாள். எறும்பு, குத்தல், தம்ளர், கொப்புளம், உருளை எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல டாக்டர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் ஒரு ஆங்கில வார்த்தை தேவைப்படவில்லை.

"இவ்வளவு நாள் ஏம்மா வரல?"

"வந்தேன் டாக்டர். எங்க வீட்டுக்காரரோட. அவர்தான் இந்த நாற்காலில உக்காந்தார்."

நினைவு வந்ததும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னைக்கு சுவரோரமா இருந்தது நீங்களா? அவர்தான் பேஷன்ட்னு நினைச்சேன். அவருக்கு ஒண்ணுமே இல்லையேம்மா. தினம் நடங்க, வீட்டு வேலை ஏதாவது செய்யுங்கன்னு எழுதிக் குடுத்தேனே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது அது அழுகையாக மாறிவிட்டது. டாக்டர் தண்ணீர் கொடுத்தார்.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றாமலே சோபாவுக்கு எதிரில் நின்றாள். "அந்த டாக்டரம்மா தமிழ் பேசறாங்க. உங்களுக்கு ஒண்ணுமில்லையாம். வீட்டு வேலை செய்யச் சொன்னாங்களாம்."

அவர் கண்ணைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"அஃப்ளிக்‌ஷன்லாம் டாக்டருக்குத் தெரியாது. முட்டியில தட்டினா அது தெரிஞ்சிடுமா?" என்றார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத ஜாதி அது. ஆனால் அதன்பிறகு அன்று வெந்நீர் கேட்கவில்லை. அவளும் வைக்கவில்லை.

அறுவை சிகிச்சை சீக்கிரமே நடந்தது. காலையில் போய் மாலையில் கட்டோடு வந்தாள். அவருடைய அக்கா ஆரஞ்சுப் பையோடு வந்து பையைத் தம்பியின் மடியில் வைத்தாள். "பொண்டாட்டிக்கு இப்படி ஆனதிலேருந்து பாதியா இளைச்சுட்டியேடா" என்று அவர் தலையைத் தடவினாள். அவரும் மறுக்கவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஆரஞ்சுப் பழங்களைப் பார்த்தாள். அப்புறம் இடது கையால் பையை எடுத்து, ஒரு பழத்தை உரிக்காமல் அவரிடம் நீட்டினாள்.

"உரிச்சுக் குடுங்க. எனக்கு."

அக்காவின் வாய் திறந்தபடியே நின்றது. அவர் பழத்தை அக்காவிடம் கொடுக்கப் பார்த்தார். "உங்க அக்காகிட்ட இல்ல, நீங்க" என்றாள். அவர் உரித்தார். பழமும் அவருமாகச் சேர்ந்து சாற்றில் குளித்தார்கள். அந்த வாரம் வெந்நீர் வைக்கக் கற்றுக்கொண்டார், சோறு வடிக்கக் கற்றுக்கொண்டார், ஒவ்வொன்றுக்கும் ஊரைக் கூட்டிப் பெருமூச்சு விட்டார். ஏதோ அடுப்பைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்பதுபோல. கீழ்வீட்டுக் கணக்காளர் படிக்கட்டில் பார்த்து, "அஃப்ளிக்‌ஷன் எப்படி இருக்கு சார்?" என்று கேட்டதும், கையிலிருந்த குப்பையைக் கொட்ட வேகமாகப் போனார்.

தையல் பிரித்த பிறகும் நாள் போனது. குத்தல் நின்றுவிட்டது. இரவில் தூங்கினாள். ஆனால் விரல்நுனிகள் மூன்றும் அப்படியே இருந்தன. மறுபடி டாக்டரிடம் போன அன்றைக்கு அவரும் கூடப் போனார். இந்தமுறை அவராகவே சுவரோர நாற்காலிக்குப் போனார். டாக்டர் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வலி திரும்ப வராது. சதை கொஞ்சம் தேறும். ஆனா தொடு உணர்ச்சி திரும்பும்னு நான் சொல்ல முடியாதும்மா. நரம்பு ரொம்ப நாள் அழுந்தியே இருந்திருக்கு."

"முன்னாடியே வந்திருந்தா?"

டாக்டர் சுவரோரம் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தேதான் சொன்னார்.

"அன்னைக்குப் பாத்திருந்தா நிச்சயமா சரியாகியிருக்கும்."

எந்த அன்றைக்கு என்று அந்த அறையில் யாருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை. சுவரோர நாற்காலியிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

கீழே இறங்கியதும் அவள் சலவைக்கூடத்துக்குப் போய் மேற்பார்வை அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தாள். ரோலருக்கு வேறு ஆள் போட்டாயிற்று. இனி அவளுக்குக் கோட்டு வண்டி. மாடி மாடியாகத் தள்ளிக்கொண்டு போய் மாட்டிவிட்டு வரவேண்டும். அதற்கு விரல் வேண்டாம், கால் போதும். குவியலுக்குள் கையை விட்ட மாத்திரத்தில் மூலையைத் தூக்கிக்கொண்டு வந்தவள். அவளுக்கு இருந்த ஒரே கெட்டிக்காரத்தனம் அதுதான். அது போயிற்று. எனக்கு இதைச் சொல்லவே வயிறு எரிகிறது.

பேருந்தில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அவர். நிறுத்தம் கடந்து வண்டி வேகமெடுத்த பிறகு அவர் பேச ஆரம்பித்தார். இங்கிலீஷ் இல்லை. தப்புப் பண்ணிட்டேன் என்றார். அந்த நாற்காலியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன், ஒரு பெரிய டாக்டர் என்னை எதிரில் வைத்து என்ன பிரச்சினை என்று கேட்டதும் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது என்றார். எனக்கு ராத்திரி தூக்கம் வரலை, என்னை நினைச்சா எனக்கே கேவலமா இருக்கு, எனக்கு யாரும் இல்லை என்றார். மன்னிப்புக் கேட்பதிலும் எனக்கு, எனக்கு என்றுதான் அவருக்கு வந்தது. பிறவிக் குணம், போகிற வழியில்லை. ஆனாலும் குரல் நிஜமாகவே உடைந்திருந்தது. அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைகள், சுவர்கள், துணி காயும் மாடிகள் போய்க்கொண்டிருந்தன. யார் வீட்டு விரிப்போ ஒன்று கொடியில் கோணலாகத் தொங்கியது. எவ்வளவு தூரம் அப்படியே பார்த்துக்கொண்டு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் பேச்சு நின்றது உறைத்தபோதுதான் திரும்பினாள்.

அவர் அழுதுகொண்டிருந்தார். அவள் வலது கை இருவருக்கும் நடுவே இருக்கையில் கிடந்தது. ஆள்காட்டி விரலின் நுனியை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்து, மெல்ல மெல்ல நீவிக்கொண்டிருந்தார்.

"எப்பலேருந்து பிடிச்சுக்கிட்டிருக்கீங்க?" என்று கேட்டாள்.